பம்பருகே வந்த அழைப்பு

பெல்மதுளை பெற்றோல் ஷெட்டில் பம்ப் அடித்தவர் நீலச் சட்டை போட்ட மெலிந்த மனிதர். கட்டாரிலிருந்து மகன் அழைத்தால், வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசுவார். கொழும்பிலிருந்த என் மகன் என்னை அழைப்பதேயில்லை. எனக்கு வயிறு எரியும்.

நான் பெற்றோல் அடிக்கப் போயிருந்த ஒரு மழை நாளில் அவர் பம்பருகே நின்றே பேசிவிட்டார். அது ஆபத்தென்று ஷெட் முதலாளியிடம் சொன்னேன்.

"நெசமாவே தீப்பிடிக்குமா சேர்?"

கைத்தொலைபேசியால் அப்படித் தீப்பிடித்ததற்கு உறுதியான சான்றில்லை என்று விஞ்ஞான ஆசிரியனான நான் படித்திருந்தேன். இருந்தும், "பிடிக்கும்" என்றேன்.

அன்றே அவருக்கு வேலை போனது. போகுமுன் என்னிடம் வந்தார்.

"நல்லவேள சொன்னீங்க சேர். ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்னா செய்வேன்?"

அப்போதும் "பரவாயில்லை" என்று மட்டுமே சொன்னேன்.