ரோகிணிக்குப் பயந்த தாய்மாமன்

என் மச்சான் கருப்பண்ணனைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில், இளவயதிலிருந்தே நெருப்போடு நிற்கிறவர். நல்ல உயரம், அதைவிட நல்ல தொப்பை. கோபம் வந்தால் முகம் செங்கல்லாய்ச் சிவக்கும். ஆனால் யாரையும் ஒரு அடி அடித்ததில்லை. அப்படிப்பட்டவர் என் மகனுக்குப் பயந்தார்.

எனக்கும் ராசாத்திக்கும் நெடுநாள் கழித்து ஆண்டவன் கொடுத்த பிள்ளை மணிமாறன். பிறந்தது ரோகிணி நட்சத்திரம். ரோகிணியில் ஆண்பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். கிருஷ்ணர் பிறந்த நட்சத்திரம் அது. கம்சன் கதி எல்லோருக்கும் தெரியும். தோஷம் கழிய, மாமன் பிள்ளையின் முகத்தை முதலில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தில்தான் பார்க்க வேண்டும். மச்சானும் பார்த்தார். பயத்தில் அதிகமாகக் குனிந்துவிட்டதால் எண்ணெயில் அவர் மீசைதான் தெரிந்தது. பரிகாரம் பலிக்கவில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

அதன்பின் பல்வலி வந்தாலும் பிள்ளையால்தான், வண்டி பஞ்சரானாலும் பிள்ளையால்தான். சட்டையும் பொம்மையும் வாங்கி வருவார். வெளியே நின்று, பையன் தூங்குகிறானா என்று கேட்பார். முழித்திருந்தால் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

தையில் காதுகுத்து என்று நாள் குறித்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ராசாத்திக்கு வேறு கூடப்பிறந்தவர் இல்லை. மச்சானோ கம்மல் எடுக்கிறேன், கடா வெட்டுகிறேன், மடி மட்டும் கேட்காதே என்றார்.

மார்கழியில் ஒருநாள் பொழுது சாய்ந்ததும் நாங்கள் அவர் வீட்டுக்கே போனோம்.

"உங்க மடி இல்லீன்னா எம்பையனுக்கு வேற ஆரு மடிங்கண்ணா?" என்றாள் ராசாத்தி.

அவர் வாசலுக்கு வந்து கிழக்கே கை காட்டினார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குக் கீழே ரோகிணி சிவந்து நின்றது.

"பாரு சாமி, அதுக்குக் கண்ணு எப்படிச் செவந்திருக்குதுன்னு."

சேலத்தில் பிசிக்ஸ் படிக்கும் அவர் மகள் சௌந்தர்யா லீவுக்கு வந்திருந்தாள். அந்த நட்சத்திரத்துக்கு வயதாகிவிட்டது என்றாள். நடுவயிற்றில் எரிகிற சரக்கு தீர்ந்து, உடம்பு ஊதி, நம் சூரியனைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் பெருத்துவிட்டதாம். ஊதியதில் மேல்சூடு குறைந்து சிவந்துவிட்டதாம். அவ்வளவு பெரிசாக இருப்பதால்தான் அத்தனை தூரத்திலிருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறதாம். நாம் இன்று பார்க்கும் வெளிச்சம் அறுபத்தைந்து வருசத்துக்கு முன்னால் கிளம்பியதாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை பெரியதை அந்தரத்தில் நிறுத்தியவன் என் மச்சான் பயத்துக்கும் ஒரு வழி வைத்திருக்க மாட்டானா?

சூடு குறைந்தால் எப்படிச் சிவக்கும் என்று கேட்க வாயெடுத்த மச்சான், தானே நிறுத்திக்கொண்டார். இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், முற்றிய சூட்டில்தான் வெள்ளை. அது அவருக்குத் தெரியாததா? தவிர, அறுபத்தைந்து வருசத்துக்கு முன்னால் அவரே பிறக்கவில்லை. அவரைத் தேடி அது எப்படிக் கிளம்பியிருக்கும்?

ராசாத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வயசாயிருச்சு, வயிறு ஊதிருச்சு, மூஞ்சி செவப்பு, சூடு மட்டும் இல்லை. ஏனுங்கண்ணா, அது உங்களாட்டத்தான இருக்குது?"

சௌந்தர்யா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

காதுகுத்து அன்று மச்சான் புது வேட்டியில் வந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிள்ளையை மடியில் வாங்கினார். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் மணிமாறன் வீறிட்டு ஓர் உதை விட்டான். நேரே தொப்பையில்.

மச்சான் மெல்லக் கண்ணைத் திறந்து வயிற்றைத் தடவினார். "மாமனுக்கு ஆகாதுன்னது இதுதானாட்ட இருக்குதுங்க மாப்ள. கழிஞ்சு போச்சு."

அடுத்த காதுக்குப் பிள்ளையின் காலைப் பிடிக்க நான் குனிந்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டார்.

"உடுங்க. மிச்சமிருந்தா அதையும் கழிச்சுக்கட்டும்."