ஒன்றரை அங்குலம் இறங்காத கார்

எந்தக் காரைப் பார்த்தாலும் லயனல் மாமா அதன் பின்சக்கரத்தருகே குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை அடுக்கிப் பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறேன். என் பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தரின் காரையும் விடவில்லை. அவருடைய அண்ணன் இறந்த அன்று சவ வண்டியின் அருகே குனிந்தபோது, துக்கம் தாங்காமல் சரிகிறார் என்று இரண்டு பேர் பிடிக்க ஓடினார்கள். நிமிர்ந்து என் காதில், "நாலு விரல். ஆளு உள்ள இருக்கும்போதும் நாலு விரல்" என்றார்.

அவருடைய காரில் ஐந்து விரல் போகும். அவர் வாழ்க்கையின் பெரிய அவமானம் அந்த ஐந்தாவது விரல்தான்.

இங்கிலாந்தின் அபிங்டனில் எம்.ஜி. கார் தொழிற்சாலையை மூடும்வரை பன்னிரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தவர் மாமா. சீட் மாட்டுவது அவர் வேலை. பிறகு ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய்க் கார்பெட் விரித்தார். "நான் ஃபேக்டரி ஆளு" என்று சொல்வாரே தவிர, சீட் பற்றிப் பேச்சே வராது. அவர் வைத்திருந்தது எழுபத்தேழாம் வருஷத்து எம்.ஜி.பி. அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் வைத்து, ஒன்றரை அங்குலம் உயர்த்திய வண்டி. அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பப் வாசலில், "ஏணி கொண்டாந்தியா லயனல்?" என்பார்கள்.

அந்த ஒன்றரை அங்குலத்தை இறக்கிவிடுவது என்று அறுபத்தெட்டாவது வயதில் முடிவு செய்தார். தடை சொன்னது பெரில் அத்தை. கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் இரண்டு பேரும் வேல்ஸ் கடற்கரைக்குக் கூரையை மடக்கிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் அத்தைக்கு முட்டி மாற்றியிருந்தார்கள்; தாழ்ந்த வண்டியில் ஏறி இறங்குவது கஷ்டம்.

"ஒன்றரை அங்குலம்னா ஒன்றரை அங்குலம். அதுக்கு மேல ஒரு நூல் எறங்கினாலும் நான் ரயில்ல போறேன். நீ உன் கார கூட்டிட்டுப் போ."

"உனக்கு வித்தியாசமே தெரியாது பெரில்."

"தெரியாதுன்னா எதுக்கு எறக்குற?"

மாமா உதிரிபாகப் பட்டியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயந்திரவியல் படித்தவள். "காலேஜு, கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். முன்பக்கத்துக்குச் சுருள் ஸ்பிரிங், பின்பக்கத்துக்குப் பட்டை ஸ்பிரிங். மென்மையாக இருந்தால் வண்டி தரையில் இடிக்கும், கெட்டியாக இருந்தால் அத்தையின் முட்டியில் இடிக்கும். காகிதத்தில் இரண்டு பக்கம் கணக்குப் போட்டு, ஒன்றரை அங்குலம் குட்டையான ஸ்பிரிங்கும் நடுத்தர இறுக்கத்தில் ஷாக் அப்சார்பரும் என்று எழுதிக் கொடுத்தேன். ஷாக் அப்சார்பர் மட்டும் நான் சொன்னதைவிட ஒரு படி கெட்டியாக வாங்கினார். அது ஆண்களுக்கானது என்றார்.

அனுப்பியவர் யார்க்‌ஷயரில் தனியாளாக உதிரிபாகக் கடை வைத்திருந்த கட்வர்த். பார்சல் வந்த அன்று மாமாவைப் போனிலும் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பிராட்லி சார், ஒண்ணே ஒண்ணு. கடைசியா போல்ட் முறுக்கறப்போ சக்கரம் தரையில நிக்கணும். அந்தரத்துல தொங்கறப்போ முறுக்கிடாதீங்க, ஸ்பிரிங் மாட்டற எடத்துல இருக்கற ரப்பர் புஷ் அப்படியே புடிச்சுக்கும். வண்டி எறங்காது."

"தம்பி, நான் ஃபேக்டரி ஆளு" என்று மாமா போனை வைத்துவிட்டார்.

காரைத் தாங்கிகள் மேல் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, கழுத்து நரம்பு புடைக்க எல்லாப் போல்ட்டையும் முறுக்கினார். இறக்கிப் பார்த்தால் நாலரை விரல்; மூன்றரை வந்திருக்க வேண்டும்.

"உன் கணக்கு தப்பு, காலேஜு."

நான் நம்பிவிட்டேன். ரப்பர் புஷ் பற்றிய கேள்விக்கு மூன்றாம் வருஷத் தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். கட்வர்த் சொன்னதையும் காதால் கேட்டவள். ஆனாலும் ஸ்பேனர் பிடித்த கை சொல்வதுதான் சரி என்று தோன்றியது. அந்த இரண்டு பக்கத்தையும் நாலு தடவை சரிபார்த்தேன். ஐந்தாவது தடவை, இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று யோசித்தேன்.

மாமா கட்வர்த்துக்குக் கடிதம் எழுதினார்: "ஐயா, நான் கேட்டது ஸ்பிரிங். நீங்கள் அனுப்பியிருப்பது முக்காலி." ஸ்பிரிங்கையும் திருப்பி அனுப்பினார். மறுபேச்சுப் பேசாமல் கட்வர்த் வாங்கிக்கொண்டு, மாமா கேட்ட மூன்று அங்குலம் குட்டையான ஸ்பிரிங்கை அனுப்பினார். அதையும் மாமா அந்தரத்திலேயே முறுக்கினார். இம்முறை சரியாக மூன்றரை விரல். மூன்று அங்குலம் என்பது அத்தைக்குத் தெரியாது.

செப்டம்பர் வந்தது. பெட்டி ஏற்றியாகிவிட்டது. மடியில் பிளாஸ்க்கோடு அத்தை உட்கார்ந்துவிட்டாள். மாமா ஏறியதும் பின்னால் கீச் என்றது.

"புஷ்தான். கொஞ்சம் தளர்த்தி முறுக்கினா போயிடும்" என்று இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேனரோடு கையை விட்டார். முதலில் வலது பக்கம். வண்டி முனகியது. பிறகு இடது. பிடித்திருந்த ரப்பர் விட்டு, பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம், பெட்டி, பிளாஸ்க், அத்தை எல்லாம் சேர்ந்து கீழே போயின.



"லயனல், பூந்தொட்டி என் கண்ணுக்கு நேரா நிக்குது."

மாமா டயரருகே குனிந்தார். ஒரு விரல் போனது. இரண்டாவது போகவில்லை.

"எத்தன அங்குலம் வாங்கின?"

"மூணு."

"என்னத் தூக்குங்க."

பக்கத்து வீட்டு நோக்ஸையும் சேர்த்து மூன்று பேர் அவளைத் தூக்கினோம். நேராக நின்றதும் ரயில் நேரத்தைக் கேட்டாள். அவள் தனியாகவே போய்விட்டாள். அவள் இல்லாத நாலு நாளும் மாமா சமையலறையில் என் பழைய இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒன்றரைதான் சரி போல" என்றார். 

முதலில் திருப்பி அனுப்பிய அதே ஸ்பிரிங் இப்போது வேண்டும். தன் பெயரில் கேட்க வெட்கம். அத்தையின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் எழுதிப் போட்டார். பெட்டி வந்தது. மேலே பட்டையான பேனாவில், "சக்கரம் தரையில் இருக்கும்போது, பிராட்லி சார்" என்று எழுதியிருந்தது.

அப்படியே முறுக்கினார். ஒன்றரை அங்குலம், ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. அக்டோபர் குளிரில் அத்தை ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறினாள். "ம், ஓட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் போனார்கள். கடற்கரையில் வண்டி நிற்கும்போதெல்லாம், "கட்வர்த்துக்கு எழுதிட்டியா?" என்று அத்தை கேட்பாள். "எழுதணும்" என்பார்.

போன பிப்ரவரியில் மாமா இறந்துவிட்டார். அவருடைய மேஜையில் ஒரு கடிதக் கட்டு கிடந்தது. பதினோரு தாள். ஒவ்வொன்றிலும் "அன்புள்ள திரு. கட்வர்த்" என்று மட்டும் எழுதியிருந்தது. "படிச்சவ நீ, முடிச்சு அனுப்பிடு" என்றாள் அத்தை. முதல் தாளை எடுத்து மாதங்களாகிவிட்டன. அவர் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்க முடியுமா, அன்று வாய் திறக்காத என்னுடையதையும் அதில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. கட்வர்த்துக்கு இன்னும் ஒரு வரி போகவில்லை.