பூசையில் வைத்த சிடி

நாங்கள் சுவீடனில் இருந்து லண்டனுக்கு வந்து, மோர்டனில் வீடு எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் சுவீடனில். சொந்தக்காரர் இருக்கிறார்கள், பக்கத்தில் கோயில் இருக்கிறது என்று நானும் இவரும் முடிவெடுத்து வந்தோம்.

அந்த வருடம் அவள் ஒரு சிடி வாங்கி வந்தாள். சுவீடன் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து போட்ட முதல் அல்பம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதையே போடுவாள். கிற்றார், கைதட்டு, நடுவில் ஒரு ட்ரம்பெட். ஒரு பெண்பிள்ளை மூச்சு விடாமல் பாடுவாள், கோபத்தில் கதைப்பது போல. பாட்டு ஆங்கிலம்தான். ஆனால் சுவீடன்காரரின் நாக்கு அதில் நன்றாகத் தெரியும். பத்து வருடம் அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அந்தப் பாட்டு அவளை இன்னும் அங்கேயே வைத்திருக்கிறது என்று எனக்கு ஒரு எரிச்சல். பிள்ளை என் வீட்டில் இருக்கிறாள், என்னோடு இல்லை.

சரஸ்வதி பூசை அந்த முறை சனிக்கிழமை வந்தது. வெள்ளி பின்னேரமே கும்பம் வைத்தேன். அவள் தன் புத்தகங்களையும் வயலினையும் கொண்டுவந்து அடுக்கினாள். பூசைக்கு வைத்ததை ஞாயிறு காலை, விஜயதசமிக்குத் தீபம் காட்டிய பிறகுதான் தொடலாம். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தச் சிடியை எடுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, புத்தகங்களுக்கு அடியில் செருகினேன். இரண்டு நாளைக்காவது அந்தச் சத்தம் ஓயட்டும்.

சனி காலை அவள் கும்பத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, என்ர சிடியும் இதுக்குள்ளை இருக்கு."

"ஓம். அதுவும் சங்கீதம்தானே, வைச்சனான்."

"இண்டைக்கு மூண்டு மணிக்கு இந்தப் பாட்டுக்காரர் டவுனிலை ஒரு கடைக்கு வந்து பாடினம். சிடியிலை சைன் வைச்சுக் குடுப்பினம். நான் அப்பாட்டைச் சொன்னனான்."

இவரைப் பார்த்தேன். "சொன்னவள்தான்" என்றார்.

"நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம், பிள்ளை." என் வாய் அப்படித்தான் சொன்னது.

கத்துவாள் என்று நினைத்தேன். கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் நீட்டவில்லை. "ஏலாதெண்டா ஏலாதுதானே" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "இஞ்சேர், அம்பாளின்ர கையிலை வீணை இருக்கு. உம்மட கையிலை என்ன, திறப்போ?"

அது சுட்டது. கடவுளை நான் பூட்டாகப் பாவித்து, சாவியை என் கையில் வைத்திருக்கிறேன். கோயில் ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்கவில்லை, எனக்கே தெரிந்தது. கடலையும் அவலும் படைத்து, கற்பூரம் கொளுத்தி, "தாயே, புத்தகங்கள் அவள் வைத்தது, அவை இருக்கட்டும். இது நான் களவாக வைத்தது. பிழை என்னுடையது" என்று கும்பிட்டுச் சிடியை எடுத்தேன். அம்பாள் கோபிக்கமாட்டாள் என்று அன்றும் நிச்சயம், இன்றும் நிச்சயம்.

"பிள்ளை, வெளிக்கிடு. நானும் வாறன்."

கடையில் பெரிய வரிசை. சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, நெற்றியில் திருநீற்றோடு நின்றது நான் ஒருத்திதான். எங்கள் முறை வந்ததும் அந்தப் பாட்டுக்காரி சிடியை வாங்கினாள். குங்குமம் அவள் விரலில் ஒட்டியது. இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

என் மகள் சுவீடன் மொழியில் பதில் சொன்னாள். வீட்டுக்கு வெளியே அவள் அந்த மொழியைப் பேசி இரண்டு வருடம். "இண்டைக்கு எங்கடை வீட்டிலை படிப்புக்கும் பாட்டுக்கும் பூசை. அம்மா உங்கடை சிடியையும் வைச்சவ" என்று அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பாட்டுக்காரி நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்தாள். எனக்குச் சேராத நன்றி அது. வாங்க மனம் வரவில்லை.

"இல்லை மகள்" என்றேன் அவளிடம், எனக்குத் தெரிந்த சமையலறைச் சுவீடிஷில். "இவள் உன்ரை பாட்டைக் கேக்கக்கூடாது எண்டு நான்தான் ஒளிச்சு வைச்சனான்."

ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொட்டு அழியாமல் அதற்குக் கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள்.

என் மகள் சிரிக்கவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தையும் தாண்டி நடந்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அம்மா. பொட்டும் வைச்சு அடியிலை செருகி ஆர் பூசைக்கு வைப்பினம்?"

"தெரிஞ்சும் ஏன் எடுக்கேல்லை?"

"ஒளிச்சது நீங்கள். இருந்தது அம்பாளிட்டையெல்லோ." கொஞ்சம் நடந்தாள். "இஞ்சை வரேக்கையும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. இனியாவது கேளுங்கோ."

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவளுடைய விஷயத்தில் அவளைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்ததில்லை. சில நேரம் அவள் சொல்லும் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்று அவளிடமே சொல்லிவிடுவேன்.