அக்காவின் எலும்புப் பெட்டியும் என் பென்சிலும்

பூச்சி உருண்டை வாசமும் காய்ந்த மிளகு வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை பென்சிலைத் தேடும்...

எண்பதுகளின் கடைசி. பலாபத்வலையில், ஏ-நைன் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. அப்பாவுக்கு மாத்தளைக் கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், வேலை. அக்கா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெடிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். கிளர்ச்சியும் சுட்டுக்கொலையுமாக நாடு இருந்த இருப்பில் கெம்பஸை மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பூச்சி உருண்டை மணக்கிற ஒரு தகரப் பெட்டி. உள்ளே மனித எலும்புகள்!

மெடிக்கல் பிள்ளைகள் எலும்பைக் கையில் வைத்துத்தான் படிப்பார்கள். இது சீனியர் ஒருவர் கொடுத்த அரை செட், அதாவது உடம்பின் இடது பக்கம் மட்டும்.

அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"சாமி ரூம் இருக்கிற வீட்டுக்குள்ள இது வரக்கூடாது. மிளகு மூட்டை கிடக்கிற விறகுக் கொட்டில்ல வச்சுக்க. தொட்டா தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும், சொல்லிட்டேன்."

கொஞ்ச நாளில் அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ரோட்டோரத்தில் காணக்கூடாததை எல்லாம் காண்கிற காலம் அது.

"ஆமி செக்கிங் வந்து பெட்டியத் திறந்தா என்னா செய்றது? படிக்கிறதுக்குன்னு கெம்பஸ் குடுத்த கடிதத்த வாசிக்கிற வரைக்கும் பொறுப்பாங்களா? அடுத்த கிழம பேராதனை ஆஸ்பத்திரி வேன் இந்தப் பக்கம் வருது. குடுத்து அனுப்பிருவோம்."

அக்கா அழுதே விட்டாள். "திறந்த உடனே எக்ஸாம் வைப்பாங்கப்பா. எலும்பு இல்லாம எல்லாம் மறந்துரும். நான் டொக்டரான மாதிரிதான்!"

நான் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கலண்டர் சரஸ்வதியைப் பார்த்து அச்சாக வரைவேன் என்று தெருவில் ஒரு பெயர் இருந்தது. அந்தத் திமிரில் வாயை விட்டேன். "அழாத அக்கா. வேன் வர முன்னுக்கு எல்லாத்தையும் நான் வரைஞ்சு தாறேன்."

அப்பா கச்சேரியிலிருந்து ரோனியோ மெஷினுக்குப் போடுகிற வெற்றுத் தாள்கள் கொண்டுவந்தார். முதலில் தொடை எலும்பு. சுற்றுக்கோடு அழகாக வந்தது. பெருமையோடு நீட்டினேன்.

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாலா, இது இடது கால் முன்பக்கமா, வலது கால் பின்பக்கமா?"

நானும் தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் கோட்டில் இரண்டும் ஒன்றுதான்! அக்காவிடம் எக்ஸாமில் முதலில் கேட்கப்போவதே அதுதானாம்.

அப்போதுதான் நிழல் எனக்குத் தேவைப்பட்டது. மேடு எது, பள்ளம் எது என்று நிழல்தான் சொல்லும். மறுநாள் காலையில் உட்கார்ந்தவள் எழும்பவே இல்லை. எழும்பி வீட்டுக்குள் போனால் குளிக்க வேண்டுமே... மாத்தளைக் குளிரில் ஒரு தரம் குளிப்பதே பெரும்பாடு. அம்மா சோற்றுக் கோப்பையைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போவார். பொழுது சாயும்வரை தீட்டினேன்.

அக்கா பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்த எலும்பு எந்த மனுசனுக்கும் இல்லடி!"

காலையில் வெயில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம். நான் இரண்டு நிழலையும் ஒரே எலும்பில் போட்டிருந்தேன். குளிக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் எழும்பாமல் இருந்ததன் பலன். அதற்குப் பிறகு நிழலுக்குக் காலை மட்டும், கோடுகளுக்குப் பின்னேரம் என்று ஆக்கிக்கொண்டோம்.

எலும்பின் ஒரு நுனி நேராக என் முகத்தைப் பார்க்க வைத்தபோது இன்னொரு வில்லங்கம். அதன் முழு நீளத்தையும் வரைந்தேன். "என்னா இது, மம்பட்டிப் பிடியா?" என்றாள் அக்கா. ரோட் தூரத்தில் ஒடுங்குவதையும் லைட் போஸ்ட் குட்டையாவதையும் எத்தனையோ படத்தில் போட்டவள்தான் நான். மடியில் இருக்கிற எலும்பும் அப்படித்தான் ஒடுங்கும் என்று மண்டையில் ஏறவே இல்லை!

அந்தக் கிழமை முடிவதற்குள் அக்கா தாளைப் பார்த்த உடனே முன், பின் என்று தயங்காமல் சொன்னாள். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் வலது பக்க எலும்பும் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

வேன் வருகிற காலையில் பெட்டி வந்த பிறகு முதல் தடவையாக அம்மா கொட்டிலுக்குள் வந்தார். பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஆம்பளையா, பொம்பளையா?"

அக்கா இடுப்பெலும்பை எடுத்தாள். "பொம்பளம்மா, இந்தப் பள்ளம் அகலமா இருக்கு. இந்த ஓரம் இன்னும் முழுசா ஒட்டல்ல, பாருங்க. இருவது வயசு இருக்கும்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள் போய் விபூதியும் இரண்டு செவ்வந்திப் பூவும் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார். "பத்திரமா கொண்டுபோகச் சொல்லு" என்றார். அன்று அவர் குளிக்கவில்லை.

வரைந்த தாள்களை மடியில் எடுத்து வைத்தேன். ஒரு கிழமையாக நான் வரைந்தது என் வயதுப் பெண் ஒருத்தியை...

அன்றைக்குப் பின்னேரமே உட்கார்ந்து அந்த எலும்புகளுக்குச் சதை வைத்து, தோல் வைத்து, பின்னல் போட்டு ஒரு பெண்ணை வரைந்தேன். தோளும் முழங்காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த என் முதல் மனித உருவம் அதுதான்.

கெம்பஸ் திறந்தது. அக்கா பாஸ். "எலும்பக் கையில குடுத்ததும், உன் படம் மாதிரி வெளிச்சம் பிடிக்க ஜன்னல் எந்தப் பக்கம்னுதான்டி தேடினேன்" என்று வந்து சொன்னாள். நானும் பிறகு பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்தே பிழைத்துக்கொண்டேன்.

இப்போது அக்காவின் மகளும் மெடிக்கல். ஃபோனில் எலும்பை விரலால் சுழற்றுகிறாள். பழைய தாள்களைப் பார்த்து, "சித்தி, எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க!" என்கிறாள். யாருக்கும் பயப்படாமல் அவள் படிப்பதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு கிழமையை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்னல் போட்ட அந்தப் பெண்ணின் படம் அக்காவின் டிஸ்பென்சரிச் சுவரில் இருக்கிறது. மருந்துக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், "யாரு டொக்டர் இது, தங்கச்சியா?"

அக்கா எழுதுவதை நிறுத்தாமலே சொல்வாள்.

"எங்க வீட்டுல கொஞ்ச நாள் இருந்த புள்ள."