டொலோரஸின் பத்தொன்பது வருடம்

கலிஃபோர்னியாவின் மதேராவில் திராட்சை பேக்கிங் வேலை செய்யும் எவுஃப்ரோசினா, ஒரு சம்பளச் சீட்டைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. அனுமதியில்லாமல் வந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தால், இங்கே உழைத்ததற்குச் சான்று கேட்பார்களாம். அவளைப் போல எல்லை தாண்டி வந்த மெக்சிகோக்காரர்கள் வீடுகளில் இதற்கென்றே ஒரு ஷூ பெட்டி இருக்கும். சட்டம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். அவளுடைய பெட்டிதான் மூன்றானது.

இந்த முறை மசோதா நிஜமாகவே சபைக்கு வந்துவிட்டது என்றதும், மூன்றையும் சுமந்துகொண்டு மாதா கோயில் கூடத்துக்குப் போனாள். அங்கே இலவசமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த வக்கீல் பெண் சீட்டுகளைப் புரட்டினாள்.

"யாரும்மா இந்த டொலோரஸ்?"

"நான்தான். சொந்தப் பேருல எவன் வேலை குடுத்தான்? வேலைக்குக் கேக்குற அரசாங்க நம்பரோட சேத்து, காசு குடுத்து வாங்கின பேரு அது."

"அப்போ பத்தொன்பது வருஷம் இங்க உழைச்சது டொலோரஸ். நீங்க எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்களே?"

"எங்க இருந்தேனா? இந்தக் கையப் பாரு!"

"கைய ஃபைல்ல வைக்க முடியாதும்மா. உங்க பேருல ஒரே ஒரு காகிதமாவது இருக்கா?"

எவுஃப்ரோசினா கடைசிப் பெட்டியின் அடியைத் துழாவினாள். இருந்தது. சொந்தப் பெயர், எழுத்துப் பிழையில்லாமல், புகைப்படத்தோடு. முதல் தடவை எல்லையில் பிடித்துத் திருப்பி அனுப்பியபோது கொடுத்த உத்தரவு.

வக்கீல் படித்தாள். பிறகு நாலாக மடித்து அவள் கையிலேயே திணித்தாள்.

"மறைச்சு வைங்கம்மா. உங்களத் திரும்ப வண்டியில ஏத்த இது ஒண்ணே போதும்."