நான் போகாத ஆட்டம்

எங்கள் சங்கரன்கோவில் ஹாக்கி அணி முதல்முறையாகக் கோவில்பட்டிக்குப் போய் ஜெயித்த அன்று, நான் வாசுதேவநல்லூரில் ஒரு கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் தங்கை மகள். அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், என் மடிக்குப் பதிலாக இன்னொரு மடியை அனுப்ப முடியாது. அன்றைக்கு அரையிறுதி இருக்கிறதே என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். "ஏண்ணே, ஒன் ஹாக்கிக்காரனுவளக் கேட்டுத்தான் நாங்க நாள் குறிக்கணுமோ?" என்றாள்.

கோவில்பட்டிக்குப் போய் ஹாக்கி ஆடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஆட்டக்காரர்கள். எங்கள் பையன்கள் பள்ளிக்கூடத்து மண் தரையில் பழகிவிட்டு, அங்கே செயற்கைப் புல் போட்ட பச்சைத் தரையில் பந்து ஓடுகிற வேகத்தைப் பார்த்து முழிப்பார்கள். வருஷா வருஷம் போவோம், தோற்போம், திரும்பி வருகிற வழியில் கழுகுமலையில் புரோட்டா சாப்பிட்டு மனதைத் தேற்றிக்கொள்வோம். நான் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன். ஸ்டிக் பிடித்து ஆடியதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் அணி வெளியூர் கிளம்பினால் வேனில் நானும் உண்டு. எங்கள் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு கோல் கீப்பரைத் திட்டுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரம் என் சட்டைப்பையில் போன் துடித்தது. ஒரு கையால் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்துப் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்துவிட்டது.

"ஜெயிச்சிட்டோம்லா!" என்று கத்திவிட்டேன்.

பிள்ளை வீரிட்டது. ஆசாரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னும் காதே குத்தல, அதுக்குள்ள என்னத்த ஜெயிச்சீய?" என்று என் மனைவி பல்லைக் கடித்தாள். ஊசி இறங்கியபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது. பிள்ளை அழுவதைப் பார்த்து மாமன் கலங்கிவிட்டான் என்று தங்கையின் மாமியார் வீட்டார் உருகிப்போனார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையில் அது பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். இத்தனை வருஷத் தோல்வியையும் நேரில் நின்று பார்த்தவனுக்கு, ஜெயித்ததைப் பார்க்க மட்டும் கொடுத்துவைக்கவில்லை.

சாயங்காலம் ஊருக்கு வந்ததும் கடையிலிருந்து ரோஜா மாலைகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். பையன்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கழுத்திலும் மாலை போட்டேன். கேப்டன் என் தோளில் கை போட்டான்.

"அண்ணாச்சி, அடுத்த ஞாயித்துக்கிழம அங்கனயேதான் பைனலு. எங்கயாவது காதுகுத்து இருக்கான்னு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டுக்குத்தான் சொன்னான், தெரியும். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. நான் போட்ட மாலையைக் கழுத்தில் வைத்துக்கொண்டே என்னை ராசியில்லாதவன் என்கிறான்.

"இனிமே அவனுவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்று வீட்டில் வந்து குதித்தேன்.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "ஒங்களுக்கு இப்ப அந்தப் பயலுவ ஜெயிக்கணுமா, இல்ல நீங்க பாக்கணுமா?"

இரண்டும்தான் வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது என்று யோசித்தே அந்த வாரம் போனது. ராசி, சகுனம் எல்லாம் வெறும் பேச்சு என்று ஊருக்கு உபதேசம் செய்பவன்தான் நான். ஆனால் காலையில் கடையில் முதல் போணி யார் கையால் என்று பார்க்கிறவனும் நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் வேலை இருக்கிறது, வரவில்லை என்று கேப்டனுக்குச் சொல்லி அனுப்பினேன். வேன் கிளம்பிப் போனதும் மனசு கேட்கவில்லை, பஸ் ஏறிவிட்டேன். மைதானத்துக்குள் போகாமல் இருந்தால் குற்றமில்லை அல்லவா? வெளியே ஒரு டீக்கடையில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உள்ளே கூச்சல் எழும்போதெல்லாம் திரும்பிப் பார்க்காமல் இன்னொரு டீ சொன்னேன். கோவில்பட்டியில் கோவில்பட்டிக்காரன் தவிர வேறு யார் கத்தப்போகிறான்?

பக்கத்தில் இன்னொரு ஆளும் அதேபோல முதுகைக் காட்டி உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போகவில்லையா என்று கேட்டேன்.

"நான் உள்ள வந்தா தோத்துருவோம்னு எங்க பசங்க வெரட்டிவிட்டுட்டாக," என்றார். கேட்டால், எங்களை எதிர்த்து ஆடுகிற அதே அணிக்காரர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் கதையைச் சொன்னேன். அவர் கடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அப்ப ரெண்டு பீடையும் ஒண்ணா உள்ள போனா சரிக்குச் சரியாப் போயிரும்ல?"

இதைவிட நியாயமான பேச்சை நான் கேட்டதில்லை. எழுந்து போனோம். போர்டில் எங்களுக்கு எதிராக மூன்றுக்குப் பூஜ்யம். கடைசிக் கால்மணி ஆட்டம்தான் பாக்கி. அவர் ஒரு துள்ளு துள்ளினார், என் முகத்தைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். நான் எங்கள் கோல் போஸ்டுக்குப் பின்னால் ஓடினேன்.

"ஏலே, தூங்குதியா? காலைச் சேத்து வையிலே!"

கோல் கீப்பர் திடுக்கிட்டுத் திரும்பினான். அதன் பிறகு அவனைத் தாண்டி எதுவும் போகவில்லை. முடிகிற நேரத்தில் பெனால்ட்டி கார்னரில் எங்கள் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள். கோப்பை கோவில்பட்டிக்குத்தான்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் நேராக என்னிடம் வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கடையில சோலின்னு சொன்னீய?"

வெளியே உட்கார்ந்திருந்ததையும் அதன் காரணத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னா அதைப் புடிச்சுக்கிட்டு வெளிய உக்காருவீயளா? நீங்க வெளிய இருக்கையில மூணு வாங்கினோம், உள்ள வந்த பெறகு ஒண்ணு போட்டோம். ஜெயிக்கதும் தோக்கதும் எங்க சோலி அண்ணாச்சி. வந்து நிக்கது ஒங்க சோலி."

பைனலில் தோற்ற பையன்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, காதுவரை வாயை இழுத்துச் சிரிக்கக் கூடாதுதான். எனக்கு அடக்க முடியவில்லை.