பதினெட்டாவது தலை

படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் "பின்நடை"தான். பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டும் கைடு. கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து கதை சொல்வாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கல்லிலும் தடுக்கியதில்லை. ஆனால் ஆளைத் தவறவிட்டதாக இரண்டு புகார் ஏறியிருந்தது. மூன்றாவது வந்தால் உரிமம் போய்விடும். மகளின் கல்லூரிப் படிப்பே கழுத்தில் தொங்கிய அந்த உரிம அட்டையை நம்பித்தான்.

அன்று மணிக்கூண்டில் எண்ணினாள்: பதினெட்டு. கயிற்றுக்கடைத் தெரு, பழைய கிடங்கு, மீன் ஏலக்கூடம் என்று சுற்றி, ஐந்து மணிப் படகில் ஏற்றும்போது மறுபடி எண்ணினாள். பதினெட்டு. மூச்சு வந்தது.

"இந்த ஆளுகிட்ட டிக்கெட்டே இல்லையே!" என்று கத்தினார் படகுக்காரர்.

மாட்டிக்கொண்டவர் தலையைச் சொறிந்தார். "நான் கயித்துக்கடைக்காரன்க்கா. கதை நல்லா இருந்துச்சு. கடையைச் சாத்திட்டு அப்படியே ஒட்டிக்கிட்டேன்."

"ஓசியில கதை கேட்க வந்து என் குடியைக் கெடுத்துட்டியேப்பா!" என்றாள் பின்நடை.

அப்படியானால் அவளுடைய ஆட்கள் பதினேழுதான்.

யார் இல்லை? தனியாக வந்திருந்த டீச்சர். நின்ற இடத்திலெல்லாம் கேள்வி கேட்டு உயிரை எடுத்தவர். கிடங்கு தாண்டியபின் கேள்வியே வரவில்லை. விட்டது தொல்லை என்று இவளும் இருந்துவிட்டாள்.

கிடங்குக்குப் பின்னால் கடலுக்குள் இறங்கும் கல்படிகள். கைப்பிடி கிடையாது, முழுக்கப் பாசி. தண்ணீர் ஏறும் நேரம் வேறு.

"கைடு இல்லாம படகை எப்படிக்கா எடுக்கறது?" அவள் திரும்பியதும் படகுக்காரர் கேட்டார்.

"எடுங்கண்ணே! அக்கரையில வேன் நிக்குது, ஏத்தி மட்டும் விட்டுடுங்க!"

அந்தத் தெருக்களில் முதல்முறையாக முகத்தை முன்னால் வைத்து ஓடினாள்.

"இந்தச் சந்து, அக்கா, குறுக்குவழி!" கூடவே ஓடிவந்த கயிற்றுக்கடைக்காரர் முந்தினார்.

டீச்சர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பிசகி, சுவரில் இருந்த இரும்பு வளையத்தை இறுகப் பிடித்தபடி. தண்ணீர் இடுப்பளவு. கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. இருவரும் ஆளுக்கொரு தோள் கொடுத்தார்கள். பாதியில் கடைக்காரரின் கால் வழுக்கியது. மூவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த அலை போகும்வரை அசையவில்லை. பிறகு உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே வந்தார்கள்.

"கப்பல் கட்டுற வளையமான்னு பார்க்க இறங்கினேன்." டீச்சருக்குப் பல் தந்தியடித்தது. "எப்பம்மா என்னைத் தேடினே?"

"இப்பத்தான் டீச்சர்."

படகின் சங்கு தூரத்தில் கேட்டது. அவள் ஈரக்கையைத் துடைத்துவிட்டு உரிம அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"ஒருத்தரைத் தவற விட்டுட்டேன் சார். கிடைச்சுட்டாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வெளியாளையும் சேர்த்து எண்ணிட்டேன். தப்பு என்னோடது, புகாரா எழுதிக்குங்க."

"பேசறது யாரு?"

அவள் கழுத்து அட்டையைத் திருப்பி, அதிலிருந்த உரிம எண்ணை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.